காலிபரோடு ஒருத்தி, காலிபர் இல்லாமல் ஒருத்தி

ஒரே ஆஸ்பத்திரியில், சில வார இடைவெளியில், எனக்கு இரண்டு சான்றிதழ்கள் கொடுத்தார்கள். ஒன்று, நான் ஊனமுற்றவள் இல்லை என்றது. இன்னொன்று, ஊனத்தின் காரணமாக நான் அரசு வேலைக்கு லாயக்கில்லை என்றது. எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எந்த ஆஸ்பத்திரி, எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இருக்க மாட்டார்கள். இருப்பவர்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. எனக்கு அவர்களை நன்றாக ஞாபகம் இருக்கிறது. வயசானால் கோபம் ஆறிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்தில் பிறந்தவள் நான். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவள். விவரம் தெரியாத வயசில் வந்த ஒரு காய்ச்சல் என் இடது காலைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கால் என்னோடுதான் இருந்தது, கொஞ்சம் வளரவும் செய்தது, ஆனால் எனக்காக ஒரு வேலையும் செய்யவில்லை. தவழ்ந்தும், சுவரைப் பிடித்தும், அப்பாவின் தோளில் தொற்றியும் சிறுவயசைக் கழித்தேன். பிறகு யாரோ சொல்லி, சென்னையில் கொண்டுபோய்க் காட்டி, எனக்கு ஒரு காலிபர் செய்து மாட்டினார்கள்.

காலிபரைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். காலின் இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கம்பிகள். தொடையில் தோல் பட்டை, முழங்காலில் ஒரு பட்டை. முழங்காலுக்கு நேராக ஒரு பூட்டு. எழுந்து நின்றால் பூட்டு கீழே விழும், கால் மடங்காது, உடம்பைத் தாங்கும். உட்கார வேண்டுமென்றால் பூட்டைக் கையால் தூக்கிவிட வேண்டும். கம்பிகளின் அடிமுனை இரண்டும் ஒரு கனத்த ஷூவின் குதிகாலில் செருகியிருக்கும். முக்கியமானது இதுதான். ஷூ தனி, கம்பி தனி இல்லை. ஷூவைக் கழற்றினால் கம்பிகளுக்கு ஊன்ற இடமில்லை. கம்பிகள் ஊன்றாவிட்டால் எனக்குக் கால் இல்லை.

குப்பத்தில் இதைப் புரியவைப்பதே பெரிய பாடாக இருந்தது. கரையில் இருக்கிற அம்மன் கோயிலுக்குள் என்னை விடமாட்டார்கள். "செருப்பக் கழட்டிட்டு வா" என்பார்கள். இது செருப்பு இல்லை என்றால், "காலுல போட்டுகினு கீறதெல்லாம் செருப்புதான்" என்பார் கோயில் ஆள். திருவிழாவில் எல்லோரும் உள்ளே நிற்க, நான் வெளியே வேப்ப மரத்தடியில் நிற்பேன். யாராவது ஒரு அத்தையோ சித்தியோ குங்குமத்தைக் கொண்டுவந்து நெற்றியில் தீற்றிவிட்டுப் போவார்கள். அம்மன் என்னைத் தடுத்ததாக நான் நினைத்ததில்லை. தடுத்தவர்கள் எல்லோரும் மனுஷர்கள்தான்.

அந்தக் காலிபரோடுதான் பள்ளிக்கூடம் போனேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நல்ல காலை முதலில் வைத்து, இரும்புக் காலை இழுத்துக்கொண்டு ஏறுவேன். கீழே நிற்கிற பையன்கள் காலிபர் படியில் இடிக்கிற சத்தத்துக்குத் தாளம் போடுவார்கள். போடுங்கடா என்று விட்டுவிட்டேன். தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்தேன். மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே மறந்து போகும். அங்கே விரல்களுக்குத்தான் வேலை.

வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒரு நாள் கார்டு வந்தது. ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை, ஊனமுற்றவர்களுக்கு ஒதுக்கிய இடம். போனேன். டைப் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். அலுவலகத் தலைவர் நடுத்தர வயசுக்காரர், சாந்தமான முகம். நான் அடித்த தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை.

"ரொம்ப நல்லா அடிக்கிறியேம்மா. ஊனச் சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துடு, ஆர்டர் போட்டுடலாம்" என்றார்.

என் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை யாரும் பார்த்ததில்லை. அதைவிட முக்கியம், எனக்குக் கல்யாணம் ஆகாது என்று குப்பமே முடிவுகட்டி வைத்திருந்தது. அப்பா அம்மாவுக்குப் பிறகு அண்ணிமார்கள் போடுகிற சோற்றை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு விருப்பமில்லை. அந்த டைப்பிஸ்ட் நாற்காலி கிடைத்தால் நான் பிழைத்தேன். கிடைக்காவிட்டால் வீட்டு மூலையில் வலைக்கு நூல் சுற்றுகிற ஒருத்தி. எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் வந்தாள். அங்கேதான் எங்கள் முதல் தப்பு நடந்தது. அது மீன்காரிகளுக்கே உரிய தப்பு. அம்மா கூடை கட்டும்போது நல்ல வஞ்சிரத்தை, பளபளக்கிற சங்கராவை மேலே வைப்பாள். நசுங்கினது, வெளுத்தது எல்லாம் அடியில் போகும். வாங்க வருகிறவர்களிடம் செவுளைத் தூக்கி, ரத்தச் சிவப்பைக் காட்டுவாள். ஆபீசர் முன்னால் நிற்பதும் அவளுக்கு வியாபாரம் மாதிரிதான். முந்தின நாளே காலிபருக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாள். உப்புக் காற்றில் அது எப்போதும் துரு பிடித்துக்கொண்டே இருக்கும். இருக்கிற ஒரே நல்ல புடவையை எனக்குக் கட்டிவிட்டாள்.

"டாக்டரு நடக்கச் சொன்னா சோக்கா நடக்கணும், தெர்தா? நொண்டிகினு நிக்காத. அப்பால வேலைக்கு ஆவ மாட்டான்னு எழுதிடப் போறாரு."

எனக்கும் அது சரியென்றே பட்டது. டாக்டர் அறைக்குள், கண்ணாடி போட்ட ஒருவர் என்னை நடந்து காட்டச் சொன்னார். சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் நடந்ததே இல்லை. புடவைக் கொசுவம் கம்பிகளை மூடியிருந்தது. அம்மா வாசலில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சிரித்தார். "நல்லா நடக்கிறியேம்மா. இதுல ஊனம் எங்க இருக்கு?"

"சார், காலிபர் போட்டிருக்கேன் சார். அது இல்லன்னா..."

"தெரியுதும்மா. நான் கூடத்தான் கண்ணாடி போட்டிருக்கேன். போட்டா எல்லாம் தெரியுது. என்னை யாராவது குருடன்னு சொல்றாங்களா? அதே மாதிரிதான் இதுவும். உபகரணத்தால குறை சரியாயிடுச்சு."

அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டார். உபகரணத்தின் உதவியால் இயல்பாக நடக்கிறார், ஊனமுற்றவராகக் கருத இயலாது. வெளியே வந்ததும் அம்மா அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எனக்கு ஊனம் இல்லை என்று எழுதியிருக்கிறது என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பஸ் ஸ்டாண்டில் மல்லிப்பூ வாங்கி என் தலையில் வைத்தாள். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத பெண்ணிடம், "எம் பொண்ணுக்கு ஊனமே இல்லன்னு பெரிய டாக்டரே எழுதிக் குட்த்துட்டாரு" என்று சொன்னாள். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டின பிறகுதான் அவளுக்குப் புரியவைக்க முடிந்தது. ஊனம் இருந்தால்தான் வேலை, ஊனம் இல்லையென்று எழுதினதால் வேலை போய்விட்டது. அவள் வீடு வரைக்கும் என் தலையிலிருந்த பூவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அலுவலகத் தலைவர் தாளைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். ஒதுக்கீட்டில் எடுக்க முடியாது என்றார். ஆனால் பொதுவிலும் ஒரு டைப்பிஸ்ட் இடம் காலியாக இருந்தது. "உனக்குத்தான் ஊனம் இல்லன்னு எழுதிட்டாங்களே. உடல் தகுதிச் சான்றிதழ் வாங்கிட்டு வா, இதுல போட்டுடறேன்" என்றார். நல்ல மனுஷர்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை மூன்று டாக்டர்கள் கொண்ட குழு. கிளம்பும்போது அம்மா என்னிடம், "இந்த தபா நல்லா நொண்டிக் காட்டு. வுழுந்து கூடக் காட்டு" என்றாள்.

"இல்லம்மா. இன்னிக்கு நல்லா நடக்கணும்."

"அன்னிக்கு நல்லா நடந்தது தப்புன்ன. இன்னிக்கு நல்லா நடக்கணும்ன்ற. இன்னா கூத்துடி இது?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

குழு உட்கார்ந்திருந்த அறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. காலணிகளை வெளியே விடவும். அதன் கீழே வரிசையாகச் செருப்புகள். பியூன் என் காலைப் பார்த்தான். "ஷூவ வுட்டுட்டு போம்மா உள்ள" என்றான். இது ஷூ இல்லை, காலிபர், கழற்றினால் நடக்க முடியாது என்று சொன்னேன். "பெரிய டாக்டரு திட்டுவாரும்மா. எனுக்கு எதுக்கு பேஜாரு? கழட்டிட்டு போ."

காலிபரைக் கழற்றுவது செருப்பைக் கழற்றுவது போல இல்லை. தொடைப் பட்டையை அவிழ்க்கப் புடவையைத் தொடைவரை தூக்க வேண்டும். அந்த நடைக்கூடத்தில், ஆண்களும் பெண்களுமாக ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்த இடத்தில், பெஞ்சில் உட்கார்ந்து அதைச் செய்தேன். அம்மா தன் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து எனக்கு மறைப்புக் கட்டினாள். பிறகு காலிபரைச் சுவரில் சாய்த்து வைத்தேன், மற்றவர்களின் ரப்பர் செருப்புகளுக்குப் பக்கத்தில். அம்மா தாங்கிப் பிடித்துக்கொண்டு கூட வரப் பார்த்தாள். கேண்டிடேட் மட்டும்தான் என்று பியூன் கதவில் கையை நீட்டினான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். சுவர் ஒரு பீரோவில் முடிந்தது. அங்கிருந்து மேஜை வரைக்கும் பிடிக்க எதுவும் இல்லை. தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள், ஈரம். கையால் தொடையை அழுத்தி ஓரடி வைத்தேன், கால் மடங்கிவிட்டது. உட்கார்ந்தேன். அப்படியே கைகளை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு, மேஜைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வயசுப் பெண், நல்ல புடவை, தலை வாரிப் பின்னி, ஈரத் தரையில் தவழ்ந்து வந்து மூன்று ஆம்பிளைகள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நடுவில் இருந்த பெரிய டாக்டர் காகிதத்திலிருந்து தலை நிமிராமலே, "எழுந்து நின்னு பேசும்மா" என்றார். பதில் வராததால் நிமிர்ந்தார். அப்போதுதான் குனிந்து மேஜைக்கு அடியில் என்னைப் பார்த்தார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடிக்கார டாக்டர். அவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. "சார், போன மாசம் நீங்கதான சார் நான் நடந்ததைப் பார்த்தீங்க? நல்லா நடக்கிறேன்னு எழுதிக் குடுத்தீங்க. என் காலிபர் வாசல்ல இருக்கு சார். எடுத்து மாட்டினா நடந்து காட்டுவேன். என் வேலை டைப் அடிக்கிறது சார், உட்கார்ந்து செய்யிற வேலை."

அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. இல்லையென்று பொய் சொல்லவில்லை. "அது வேறம்மா" என்றார். "இது தகுதிப் பரிசோதனை. உபகரணம் எதுவும் இல்லாம உன் உடம்பு எப்படி இருக்குன்னுதான் பார்க்கணும்."

அவருடைய கண்ணாடியை யாரும் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லவில்லை. அது மூக்கின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதன் வழியாகப் பார்த்துத்தான், நான் நிற்க முடியாதவள் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போது கதவு திறந்தது. அம்மா பியூனின் கையைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். கையில் என் காலிபர். நேராக மேஜைக்கு வந்து, அவர்களுடைய காகிதங்களின் மேலேயே அதைக் கிடத்தினாள். ஷூவின் அடியில் ஒட்டியிருந்த கடல் மணல் மேஜை விரிப்பில் உதிர்ந்தது.

"இதான் நைனா எம் பொண்ணு காலு. இத்த வெளிய வுட்டுட்டு வரச் சொன்னது உங்க ஆளு. இப்ப காலு மேல கீது, அவ கீழ கீறா. இப்ப எழுது, இன்னா எழுதணுமோ!"

மூன்று பேரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "செருப்பைக் கொண்டு வந்து மேஜை மேல வைக்கிறியா? என்ன திமிரு! யாருய்யா அங்க?" என்று கத்தினார். பியூன் ஓடி வந்தான். காலிபரை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய் நடைக்கூடத்தில் போட்டான். இரும்பு தரையில் விழுந்த சத்தம் அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

இதுதான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாதது. ஒரு பெண் தரையில் தவழ்ந்து வந்தபோது அந்த மூன்று பேரில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மேஜை மேல் ஒரு ஷூவைப் பார்த்ததும் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது அவமானம். எனக்கு நடந்தது பரிசோதனை.

அம்மா என்னை அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எப்போதும் மீன் வாசம் அடிக்கிற அவள் தோளில், வளர்ந்த பெண், குழந்தை மாதிரி தொங்கிக்கொண்டு வந்தேன். பெஞ்சில் உட்காரவைத்து, மறுபடி முந்தானையை விரித்துப் பிடித்தாள். சான்றிதழைப் பியூன் கொண்டுவந்து கொடுத்தான். துணையின்றி நிற்கவோ நடக்கவோ இயலாதவர், ஊனத்தின் காரணமாக அரசுப் பணிக்குத் தகுதியற்றவர்.

பல வருஷங்கள் கழித்து ஒரு கூட்டத்தில், சட்டம் படித்த ஒரு பெண் பேசக் கேட்டேன். வெளிநாடுகளில் பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்களில் இப்படி எழுதி வைத்திருக்கிறார்களாம். ஒருவருக்கு ஊனம் உண்டா என்று பார்க்கும்போது, அவர் போட்டிருக்கிற கருவியைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அது இல்லாமல் அவர் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். ஆனால் வேலை செய்ய முடியுமா என்று பார்க்கும்போது, அந்தக் கருவியோடுதான் பார்க்க வேண்டும். கருவியை நம்பி இருக்கிறார் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்கினால், அதுவும் பாகுபாடுதான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. என் விஷயத்தில் இதை அப்படியே தலைகீழாகச் செய்திருந்தார்கள். ஊனமா என்று பார்க்கும்போது காலிபரைச் சேர்த்துக்கொண்டார்கள், வேலைக்குப் பார்க்கும்போது காலிபரைப் பிடுங்கி வைத்தார்கள். கை தவறி இப்படி மாற்றிச் செய்ய முடியாது. எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருக்கும்படி பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களால்தான் முடியும். இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் எதற்கு? எங்கள் குப்பத்துப் பிள்ளைகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். விளையாட்டில் என்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்களும் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் காலிபரைக் கழற்றிவிட்டு ஓடி வா என்று ஒருத்தனும் சொன்னதில்லை.

இரண்டு சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு அலுவலகத் தலைவரிடம் போனேன். காலிபர் போட்டுக்கொண்டு, என் காலால் நடந்து போனேன். அவர் மேஜை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மறுபடி முதல் தாளுக்குப் போனார். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க இரண்டின் மேலும் கையை வைத்துக்கொண்டார்.

"ரெண்டுலயும் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். "ஒண்ணு ஊனம் இல்லேங்குது. இன்னொண்ணு ஊனம்ங்குது. நான் எதைம்மா நம்புறது?"

"எதை நம்பினா சார் எனக்கு வேலை கிடைக்கும்?"

அவருடைய அறைக்கு வெளியே, அன்றைக்கு நான் டைப் அடித்துக் காட்டின மெஷின் உறை போட்டு மூடியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதை நம்பினாலும் குடுக்க முடியாதும்மா" என்றார்.

எழுந்தேன், பூட்டைப் போட்டேன், வெளியே வந்தேன். சில நாட்களில் அந்த இடத்துக்கு இன்னொரு பெண்ணை எடுத்தார்கள். என் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவள்தான், லோயர் மட்டும் பாஸ் செய்தவள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பஸ்ஸில் பார்த்தபோது அவளே சொன்னாள். டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார்களாம், தெரியும் என்றாளாம், நாளைக்கு வந்துவிடு என்றார்களாம்.